என் மேல் அளந்த சட்டைகள்

மார்ச் 4, செவ்வாய்

எடை 128 கிலோ 400. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள். கழற்றியும் அதேதான்.

சர்ஜன் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். இதுவரை பார்த்த டாக்டர்களில் பாதிப் பேர் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே “வாயைக் கட்டணும்மா” என்று சொல்லி அனுப்பியவர்கள். இவர் படம் வரைந்து காட்டினார். இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் மாதிரி சேர்த்துத் தைத்துவிடுவாராம். எதால் வெட்டுவீர்கள், தையல் பிரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடமாகத் துணி வெட்டுகிறவள் வேறு எதைக் கேட்பேன்?

சர்க்கரைக்கு மூன்று மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தூங்கும்போது முகத்தில் மாட்டும் மெஷின், இரண்டு முழங்காலும் போச்சு. வயது நாற்பத்தி நான்கு. இனியும் தள்ளிப்போட்டால் இன்சுலின்தான் என்றார்.

ஆபரேஷனுக்குத் துணை ஆளாகக் கையெழுத்துப் போட என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. பித்தப்பையில் கல், அதற்கு ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

“சாப்பாட்டை அடக்கத் தெரியாம வயித்தையே அறுத்துக்கிட்டான்னு சொல்லுவாங்க.”

யார் சொல்லுவார்கள் என்றேன். எல்லாரும் என்றார். எல்லாரும் என்றால் உங்கள் அக்காதானே என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? என் வயிறு, என் இரைப்பை. எதையோ திருடப் போகிறவள் மாதிரி நான் எதற்கு ஒளிய வேண்டும்?

மார்ச் 19, புதன்

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரத்துக்கு மேல் வெறும் நீராகாரம். கல்லீரல் சுருங்கினால்தான் கருவி உள்ளே போகுமாம். இன்று மூன்றாம் நாள். இதைச் சுலபமான வழி என்று யாராவது என் முன்னால் சொல்லட்டும், அன்றைக்கு இருக்கிறது அவர்களுக்கு.

ஏப்ரல் 3, வியாழன்

வயிற்றில் ஐந்து ஓட்டை. நேற்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள். நடந்தேன். எழுதும் கையில் குளுக்கோஸ் ஊசி இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. மருந்து மூடி அளவுக்கு ஒரு கப். அதில் தண்ணீர், சூப், பால். ஒரு கப் குடிக்கக் கால் மணி நேரம். அவசரப்பட்டால் நெஞ்சில் செங்கல் வைத்த மாதிரி இருக்கிறது.

நாத்தனார் பார்க்க வந்தார். கல் எத்தனை இருந்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் ஏழு என்றார். எவ்வளவு பெரிசு என்றதற்குக் கடலை அளவு என்று விரலால் காட்டினார். சிரித்தால் தையல் இழுக்கிறது, அதனால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நாத்தனார் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனியாவது எண்ணெயைக் குறைச்சுக்க. கல்லு வந்ததே அதுனாலதான்” என்றார்.

இல்லாத கல்லுக்கும் நான்தான் குற்றவாளி. இதை எங்கே போய்ச் சொல்வது?

ஏப்ரல் 28, திங்கள்

வேலைக்குப் போனேன். 114 கிலோ. பழைய உடுப்புகளையே போட்டுக்கொண்டேன். புதிதாக எதுவும் தைத்துக்கொள்ளாதே, கேள்வி வரும் என்று வீட்டுக்காரர் உத்தரவு.

தையல் யூனிட்டில் எல்லாரும் கல்லைப் பற்றி விசாரித்தார்கள். ஏழு என்றேன். இவர் விதைத்ததை நான் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன்.

மாஸ்டர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருடமாகச் சீருடை வெட்டுகிற மனிதர். துணியைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். “பெரிய அளவு வந்தாச்சா” என்று கேட்டுவிட்டுச் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். அதுதான் அங்கே என் பெயர். எங்களிடம் இருக்கும் டம்மி பொம்மைகள் நடு அளவோடு நின்றுவிடும். அதற்கு மேல் எது வந்தாலும் சாம்பிளை என் மேல் மாட்டி, குண்டூசி குத்தித் திருத்தி, அதை வைத்துத்தான் அந்த அளவுக்கான மாதிரி அட்டை வெட்டுவார். நான் சேர்ந்த வாரம் ஆரம்பித்த பழக்கம். அளவு எடுக்க ஆள் வேண்டும் என்றா என்னை வேலைக்கு வைத்தார்கள்? கட்டிங் தெரியும் என்றுதானே? ஆனால் பதினோரு வருடமாக நின்றிருக்கிறேன். கோபம் எல்லாம் இப்போதுதான் வருகிறது.

மே 16, வெள்ளி

முட்டையை அவசரமாக விழுங்கிவிட்டுப் பாத்ரூமில் அரை மணி நேரம். சர்க்கரை மாத்திரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறினேன், நடுவில் நிற்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பஸ் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர். பெண் கண்டக்டர்களுக்கு மேல்சட்டை, இடுப்பு வரைக்கும், முன்னால் ஆறு பட்டன். பெரிய அளவு மட்டும் இருபத்தாறு.

பழைய அட்டையை வைத்து வெட்டிய சாம்பிளை மாஸ்டர் என் மேல் மாட்டினார். தொளதொளவென்று தொங்கியது. பக்கத்துக்கு மூன்று விரல் பிடித்துக் குண்டூசி குத்தினார். அட்டை பழசாகி ஓரம் தேய்ந்துவிட்டது, இத்தனை நாளும் துணியை வீணாக்கியிருக்கிறோம் என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாஸ்டர், அட்டை சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் குறைந்துவிட்டேன், இன்னும் குறைவேன். சொன்னால் எவ்வளவு, ஏன், எப்படி என்று வரிசையாக வரும்.

அது மட்டும்தான் காரணமா? பொய் சொல்லக் கூடாது, இது என் நோட்டு. அந்தக் குண்டூசி உள்ளே உள்ளே போனபோது எனக்கு ஆனந்தமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பிடியுங்கள் என்று சொல்லத் தோன்றியது. என் வாழ்நாளில் ஒரு துணியை என் மேல் யாரும் உள்ளே பிடித்ததில்லை, எப்போதும் பிரித்துத்தான் விட்டிருக்கிறார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

உறவில் ஒரு கல்யாணம். தலைவாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது, நான்காம் மாதம் அப்படித்தான் இருக்குமாம். கொண்டையைச் சமாளித்துக்கொண்டு போனேன்.

என்னைச் சுற்றி ஒரு கூட்டம். எப்படி இளைத்தாய், எப்படி இளைத்தாய். நாத்தனார் முந்திக்கொண்டார். “நான் சொன்னதைக் கேட்டா. எண்ணெயை விட்டா. அவ்வளவுதான் விஷயம்.” என் வீட்டுக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கை கழுவும் இடத்தில் ஒரு பெண், என் பழைய பருமன், பின்னாலேயே வந்து மெதுவாகக் கேட்டாள். நிஜமாகவே எண்ணெய் மட்டும்தானா? தானும் விட்டுப் பார்த்தாளாம், ஒன்றும் ஆகவில்லையாம். “நடக்கவும் செய்றேன்” என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்தும் அந்த முகம் போகவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இன்று யூனிட் வாசலில் ஒரு கண்டக்டர் பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், நல்ல பருமன், இடது புருவத்தில் புதுத் தையல் நான்கு. பையிலிருந்து மேல்சட்டையை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

“இதைக் கொஞ்சம் பிரிச்சு விட முடியுமாம்மா? எனக்கு மட்டும். கம்பெனிக்குத் தெரிய வேண்டாம்.”

உடம்பு ஏறிவிட்டதாம். பட்டன் போடவில்லை என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டாராம். ஒன்பது நாளாக ஒரு வேளைச் சாப்பாடு, மற்ற நேரத்தில் வெறும் டீ. அப்படியும் பட்டன் போட முடியவில்லை. பத்தாம் நாள் ஓடும் பஸ்ஸில் தலை சுற்றிப் படியில் விழுந்திருக்கிறாள். புருவத்தில் பட்டது, கண்ணில் பட்டிருந்தால்?

மேசையில் விரித்து அளந்தேன். அளக்கும் முன்பே எனக்குத் தெரியும். பக்கத்துக்கு மூன்று விரல் குறைவு.

மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் பட்டன் போட முடியவில்லை போலிருக்கிறது என்றாள். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லையாம். சட்டை கொடுத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

உங்க உடம்பு ஏறலைம்மா, சட்டைதான் சின்னது என்றேன். நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். பழைய அட்டையைத் தேடி எடுத்து, சட்டையை மேலே வைத்து, டேப்பைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள். அழுதாள்.

எனக்கு வந்த கோவத்த எப்படி எழுதறது. இருபத்தாறு பேரு. ஒருத்திக்குக்கூட சட்டை தப்பா இருக்கும்னு தோணல. தன் ஒடம்புதான் தப்புன்னு இருபத்தாறு பேரும் தனித்தனியா நெனச்சிருக்காங்க. யாரு இப்படி நெனக்க வச்சது? அந்த சூப்பர்வைசரா? வாயைக் கட்டுன்னு சொன்ன டாக்டருங்களா? என் நாத்தனாரா? — நான் மட்டும் என்ன யோக்கியம். வாயே திறக்காம நின்னேனே. ஊசி குத்தக் குத்த சந்தோஷமா நின்னேனே.

ஜூலை 23, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் முதலாளியம்மா, மாஸ்டர், நான். மாஸ்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்மா என்றார். அது நியாயம், ஒத்துக்கொண்டேன். ஒரு கல் ஆபரேஷனுக்கு இவ்வளவு இளைப்பாயா என்று முதலாளியம்மா கேட்டார்.

“கல்லே கிடையாதும்மா. குண்டு குறைய இரைப்பையை வெட்டி எடுத்தாங்க. இன்னும் குறைவேன்.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு முதலாளியம்மா, கஷ்டம்தான், ஆனாலும் கத்தி வைக்கணுமா, நடந்தாலே போதுமே என்றார். வெட்டிய துணி பாழானதற்குத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். பதினெட்டு வருடம் நடந்தேன் என்றேன். நடந்து நடந்துதான் முழங்கால் போச்சு என்றேன். பட்டினி கிடந்தேன், குறைந்தேன், குறைந்ததுக்கு மேல் திரும்பி வந்தது, ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. குரல் உயர்ந்துவிட்டது. அவர் டீ வாங்கிவரச் சொன்னார்.

மாஸ்டருக்கு வேறு கவலை. “அப்ப இனிமே பெரிய அளவை யார் மேல போட்டுப் பாக்கறது?”

யார் போடப் போகிறார்களோ அவர்களை அளந்துவிட்டு வருகிறேன் என்றேன். அது வழக்கமில்லையே என்றார். இனிமேல் வழக்கம் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

வேறு யாரும் சொல்லும் முன் நானே இவரிடம் சொன்னேன். காபி குடித்துக்கொண்டிருந்தார், வைத்துவிட்டார்.

“எனக்கு வாக்குக் குடுத்தே நீ.”

குடுத்தேன் என்றேன். ஒருத்தி விழுந்து புருவம் கிழிந்திருக்கிறது என்றேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்றார். விளக்கினேன். விளங்கியது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுந்து போய்விட்டார். மத்தியானத்துக்குள் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. ஏழு கல் என்று உறவுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே, என் முகத்தில் கரியைப் பூசிவிட்டாயே என்றார். “அண்ணி, வயிறு என்னுது” என்றேன். இத்தனை வருடத்தில் அவருக்கு நான் கொடுத்த முதல் பதில் இது.

ஜூலை 29, செவ்வாய்

இவர் இன்னும் பேசவில்லை. சாப்பிட மட்டும் வருகிறார். நானும் பேசவில்லை.

டிப்போவின் ஓய்வறையில் இருபத்தாறு பேரையும் அளந்தேன். டேப்பை இடுப்பில் சுற்றியதும் வயிற்றை உள்ளே இழுக்காதவள் ஒருத்திகூட இல்லை. மூச்சை விடுங்க, மூச்சை விடுங்க என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டது. புருவத் தையல்காரி என் பக்கத்தில் நின்று அளவு எழுதிக் கொடுத்தாள். முடிந்ததும் எல்லாரிடமும் சொன்னேன், தப்பு எங்கே நடந்தது, நான் ஏன் சும்மா இருந்தேன் என்று. இரண்டு பேர் நன்றாகத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். மூன்று பேர் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டார்கள். வாந்தி, முடி கொட்டுவது, தொங்குகிற தோல், ஆயுசு முழுக்கச் சத்து மாத்திரை என்று ஒன்று விடாமல் சொன்னேன். மாடிப்படி ஏறினதையும் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

புதுச் சட்டைகள் போய்ச் சேர்ந்தன. பட்டன் போடுகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆறாம் மாதப் பரிசோதனை. 86 கிலோ. சர்க்கரை மாத்திரை ஒன்றும் இல்லை. இவர் தானாகவே கூட வந்தார். இரண்டு மாதமாகத் தேவைக்குப் பேசுகிறோம். அந்த விஷயத்தை மட்டும் தொடுவதில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் இவர் ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குப் பக்கத்தில் அவர் மனைவி, கையில் நிரப்பாத படிவம். நாற்காலியின் கைப்பிடி இடுப்பை அழுத்துவதால் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியும் அந்த உட்காருதல். தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

“என் வீட்டுக்காரிக்கு இங்கதான் இரைப்பை ஆபரேஷன் ஆச்சு” என்றார் இவர். சாதாரணக் குரலில், நாலு பேர் காதில் விழும்படி.

அந்த ஆள் குரலைத் தாழ்த்திக் கேட்டார், வெளியில் என்னவென்று சொன்னீர்கள்?

“உள்ளதைத்தான் சொன்னோம். இதுல மறைக்க என்ன இருக்குன்னு நான்தான் ஆரம்பத்துலயே சொல்லிட்டேன்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. ஆரம்பத்திலேயேவா? போய் அங்கேயே நார் நாராகக் கிழித்துவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் அந்தப் பெண் நிமிர்ந்து தன் கணவனைப் பார்த்தாள். கணவனும் அவளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அப்படியே நின்றுகொண்டேன். அவள் எழுதி முடிக்கட்டும். இவரை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.