ஏழாம் கட்டிலருகே உள்ள கைகழுவும் தொட்டி

அனுப்புநர்
துப்புரவுப் பணியாளர் (பதினோரு ஆண்டுப் பணி),
அறுவைச் சிகிச்சை வார்டு. தற்போது பதிவேட்டு அறை.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: மருந்துக்கு அடங்காத கிருமியைத் தொட்டியின் வடிகுழாயிலும் தேடிப் பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் எங்கள் வார்டில் மூவருக்கு அறுவைக் காயத்தில் சீழ் பிடித்தது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் கிருமி மசியவில்லை. ஒருவர் இன்னும் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். என் மாப்தான் கிருமியைப் பரப்பியது என்று முடிவுகட்டி என்னைப் பதிவேட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. பதிவேட்டு அறைக்கு எதிரில்தான் ஆய்வகம். அங்குள்ள பெண்ணிடம் விசாரித்தேன். மூவரின் கிருமிகளையும் மரபணு வைத்து ஒப்பிட்டார்களாம். மூன்றும் ஒரே வம்சமாம். அப்படியானால் அவற்றுக்குப் பிறந்த வீடு ஒன்று இருக்குமே என்றேன். "அதைத் தேடச் சொல்லி யாரும் சாம்பிள் அனுப்பலையேக்கா" என்றார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

3. நோய் கண்டது ஆறு, ஏழு, எட்டாம் கட்டில்காரர்களுக்கு. நான் துடைப்பதோ ஒன்றில் தொடங்கி இருபதுவரை. மாப் குற்றவாளி என்றால் எட்டுக்கு அப்புறம் அது ஏன் சும்மா இருந்தது? அந்த மூன்று கட்டில்களுக்கு எதிரில்தான் கைகழுவும் தொட்டி இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் நேரே வடிதுளையில் விழுந்து, ஏழாம் கட்டில் தலையணைவரை தெறிக்கும். தினமும் அதைத் துடைத்தவள் நான்.

4. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மீந்த ஆன்டிபயாடிக் பாட்டில்களைக் கழிவுத் தொட்டியில் போடச் சொல்லிச் செவிலியர் தருவார்கள். கிருமியைக் கொல்லும் மருந்தாயிற்றே, வீணாவானேன், நாறுகிற வடிகுழாயாவது சுத்தமாகட்டும் என்று நான் அந்தக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவந்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆய்வகப் பெண்ணிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் குடித்துப் பழகி, சாகாமல் தப்பும் கிருமிதான் பிறகு எதற்கும் அடங்காதாம்.

5. வரும் வியாழக்கிழமை என் அக்காவுக்குப் பித்தப்பை அறுவை. ஒதுக்கியிருப்பது ஏழாம் கட்டில். மாற்றச் சொன்னால் காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். காரணம் இதுதான். அவரை மட்டும் மாற்றினால் அங்கே வேறு யாருடைய அக்காவாவது படுப்பார்.

6. ஆகவே அந்தக் குழாயை இன்றே பூட்டி, வடிகுழாயிலும் என் மாப்பிலும் சாம்பிள் எடுத்து, அந்த மூன்று கிருமிகளோடு ஒப்பிட உத்தரவிட வேண்டுகிறேன். எது பொருந்தினாலும் மறைக்காமல் எனக்குச் சொல்லுங்கள். வடிகுழாய் என்று வந்தால் தண்டனையை ஏற்றுக்கொள்வேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தெரிந்தாக வேண்டும்.

அக்காவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என் கை பட்ட வார்டு என்பதால்தான் அவர் அறுவைக்கே சம்மதித்தார்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
வார்டில் 'மாப் அக்கா' என்று அழைக்கப்படுபவள்

இடம்: பதிவேட்டு அறை
நாள்: திங்கட்கிழமை, மார்ச் 11