மருந்து வைக்காத பெட்டி

ஓடன்சே, செவ்வாய்க்கிழமை

என் பிடிவாதக்கார மகளுக்கு,

மருந்து வைக்காத பெட்டியிலும் இருபது கரப்பானில் மூன்று செத்துக் கிடந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த அந்தப் பெட்டியில் இரண்டுக்கு மேல் செத்தால் சோதனை செல்லாது, ஐரோப்பிய அனுமதி தள்ளிப்போகும். "ரெண்டுன்னு எழுதும்மா" என்றேன். "மூணாவதை எழுப்பி நடக்க விடுங்கப்பா, எழுதுறேன்" என்றாய். மூன்று என்றே எழுதிவிட்டு, கதவை அறைந்து சாத்திப் போனாய்.

முப்பது வருடமாகப் பூச்சிமருந்து செய்கிறேன். இப்படியொரு ஆள் என் ஆய்வகத்தில் இருந்ததில்லை.

உன் நோட்டை இன்றுதான் திறந்தேன். மருந்துப் பெட்டிகளைக் கழுவிய பஞ்சாலேயே இந்தப் பெட்டியையும் தேய்த்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். தேய்த்தது யார் என்று எழுதவில்லை.

என் பெயரை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். புதுப் பஞ்சு வாங்கியாயிற்று. மறு சோதனைத் தாளில் உன் கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது.

அப்பா