அஞ்சலைக்கு வராத பாஸ்போர்ட்

4 ஜூன் 1983, சனி
காலையிலேயே அனல். மலையைப் பார்க்கக் கண் கூசுகிறது. சைக்கிள் பஞ்சர். ஒட்டக் கொடுத்தது தேரடியில் கரீம் பாய் கடையில். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கூலிச் சங்கத்துக்கு டவுனில் அவர்தான் எல்லாம்; என் பத்திரிகைக்குச் செய்தி தருவதும் அவர்தான். ஏதென்ஸில் 18ஆம் தேதி பல நாட்டு ஏழைச் சங்கங்கள் கூடி ஏகாதிபத்திய எதிர்ப்புக் கூட்டணி தொடங்குகின்றன. இங்கிருந்து போவது அஞ்சலை. மில்லில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற கூலி, சங்கச் செயலாளர். டிக்கெட் மாநாட்டுக்காரர்கள் செலவு. பாஸ்போர்ட் வர வேண்டியதுதான் பாக்கி.
"போலீஸ் என்கொய்ரியே இன்னும் வரல சார்," பாய்.

7, செவ்வாய்
சங்கக் கூட்டம். அஞ்சலை பேசிப் பழகினாள்: "வெளிநாட்டு எண்ணெய் கப்பல்ல வந்து இறங்கினா எங்க மல்லாட்டை வெல இறங்குது. எங்க கூலியும் கம்மியாவுது."
பின்னாலிருந்து ஒருத்தி: "ஏதென்ஸுக்கு எந்த பஸ்ஸுடி?"
"உன் மாமியார் ஊரைத் தாண்டிப் போற பஸ்ஸு," அஞ்சலை.
ஒரே சிரிப்பு.

10, வெள்ளி
பாஸ்போர்ட் இல்லை. அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று போலீஸ் எழுதிவிட்டதாம். பாயும் நானும் ஊருக்கு ஓடினோம்.
நடந்தது இது. போன வாரம் மப்டியில் ஒருவர் அஞ்சலையை விசாரித்து வந்திருக்கிறார். அவள் அப்போது மில்லில். புது ஆள் வந்து யாரை விசாரித்தாலும் 'அப்படி யாரும் இங்க இல்ல' என்று சொல்ல எமர்ஜென்சியில் சங்கமே பழக்கியது. தெரு மொத்தமும் அப்படியே சொல்லியிருக்கிறது.
அஞ்சலையின் மாமியாருக்குப் பெருமை. "நான்தான் மொதல்ல சொன்னேன். சட்டை மாத்துனான், பூட்ஸ மாத்தலியே! எங்ககிட்டயா?"
பாய் விஷயத்தைச் சொன்னார். கிழவி உட்கார்ந்துவிட்டாள். "கெடுத்துட்டனாடி?"
"இல்ல அத்தே. சரியாத்தான் சொன்ன." அஞ்சலை வேறு பக்கம் பார்த்தாள்.

13, திங்கள்
பாய் மெட்ராஸ் பாஸ்போர்ட் ஆபீஸ் போய் வந்தார். திரும்ப என்கொய்ரி, திரும்ப ரிப்போர்ட் வேண்டுமாம். அதற்குள் அங்கே மாநாடே முடிந்துவிடும். வயிறு சரியில்லை, மோர் மட்டும்.

18, சனி
இன்று அங்கே கூட்டணி தொடக்கம். ரேடியோவில் ஒரு வார்த்தை இல்லை. அஞ்சலை கதையை எழுதி முடித்தேன். முதல் பக்கத்துக்குத் தாங்கும். மெட்ராஸ் பத்திரிகை ஆபீஸுக்கு பஸ்ஸில் அனுப்புமுன் அவளிடம் படித்துக் காட்டினேன்.
"இது வேணாம் சார்."
"நடந்ததுதானே?"
"வர்ற மாசம் கூலி போராட்டம். அப்ப நெசமாவே புடிக்க வருவான். இது பேப்பர்ல வந்துட்டா, நாங்க இல்லன்னு சொன்னா இனிமே எவன் நம்புவான்?"
தாளைக் கவரில் போடாமல் மடித்து வைத்துக்கொண்டேன். மெட்ராஸ் பஸ்ஸுக்கு இன்று ஒன்றும் கொடுக்கவில்லை.