அண்ணையின் பவளத் தொட்டியில் தண்ணீர் ஓடும் வேகம்

கோபிக்கவும் பாசம் வைக்கவும் எனக்கென்று இருந்த என் அண்ணைக்கு,

வெம்பிளி வீட்டில், கடல் மீன்களும் உயிர்ப் பவளங்களும் நீங்கள் வளர்த்த உங்கள் பவளத் தொட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி விசாரிப்பதற்கு முன் நீங்கள் அதைப் பற்றித்தான் விசாரிப்பீர்கள். எத்தனை காலத்துக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் தெரியாததால்தான் எனக்கு இந்தப் பயம்.

இந்தக் கடிதத்தை எங்கள் சங்க மலருக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும் என்றால் மனதுக்குள்ளேயே பேசியிருப்பேன். வாசிக்க வேண்டிய வேறு சிலரும் வாசிக்கட்டும்.

நீங்கள் போன அன்று நான் ஆஸ்பத்திரியில் உங்கள் உடலை எடுக்கும் ஒழுங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு நிறைய ஆட்கள். முன்னறையில் தொலைக்காட்சியைத் துணியால் மூடினார்களாம், வானொலியை நிறுத்தினார்களாம். அதன் பிறகுதான், விம்பிள்டனிலிருந்து வந்திருந்த அண்ணியின் பெரியப்பாவுக்குத் தொட்டியின் சத்தம் கேட்டிருக்கிறது. "செத்த வீட்டுக்கை என்ன இந்த இரைச்சல்? அதையும் நிப்பாட்டுங்கோ" என்றாராம். ஒருவரும் எழும்பவில்லை என்பதால் அவரே போய்ச் சுவிட்சை அணைத்தார். உங்களுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைத்திருப்பார். அந்த மரியாதையை நான் மறக்கப் போவதில்லை.

பின்னேரம் நான் வந்தபோது தண்ணீர் அசையாமல் கிடந்தது. சின்ன மீன்கள் மேலே மிதந்தன. சுவிட்சைப் போட்டேன். பம்ப் ஒரு தரம் முனகிவிட்டு நின்றது. ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் அதற்கு ஒன்றுமில்லை. நின்றவுடன் உள்ளே சேர்ந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் அதை இறுகப் பிடித்துவிட்டன. அண்ணி என் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, இதையாவது காப்பாத்துங்கோ. நீங்கள் தண்ணியைத்தானே படிச்சனீங்கள்."

படித்தேன்தான். நீரியலில் பட்டம் வாங்கிக்கொண்டு உங்களை நம்பி இந்த நகரத்துக்கு வந்தேன். பெட்ரோல் நிலையத்தின் கல்லாவுக்குப் பின்னால் என்னை நிறுத்தி, "இப்போதைக்கு இதைச் செய்யடா" என்றீர்கள். அந்த இப்போதைக்கு எப்போது முடிந்தது, அண்ணை? நீங்கள் ஒருமுறை கேட்டதைத் தவிர, இத்தனை வருடங்களில் தண்ணீரைப் பற்றி என்னிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்களா? அதற்குப் பிறகு கேட்ட முதல் ஆள் அண்ணி.

கடை பூட்டுவதற்குள் ஓடிப்போய், காற்றுக் குமிழி விடும் சின்ன இயந்திரம் ஒன்று வாங்கி வந்து, மிஞ்சிய உயிர்களை அன்றைக்குத் தப்ப வைத்தேன். புதுப் பம்ப் எடுக்க வேண்டும். உங்களுடைய மாதிரி இப்போது வருவதில்லை. எவ்வளவு வேகமாகத் தண்ணீரைச் சுற்றவிடுவது என்பதை நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. கடைக்கார வெள்ளைக்காரன், "பெரியதாக எடு, கடலில் இதைவிட வேகம்" என்று தோளைக் குலுக்கினான்.

நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். எண்பதுகளின் கடைசியில் தொட்டி வைக்கத் தொடங்கியபோது, கணக்குப் போட்டுத் தரும்படி நீங்களே கேட்டீர்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பில்டருக்குள்ளால் மணிக்கு நாலு தரம் தொட்டித் தண்ணீர் போய் வந்தால் போதும், தண்ணீர் கீழே இறங்கும் உங்கள் குழாய் அதற்கு மேல் தாங்காது என்றேன். பொங்கலுக்கு வந்திருந்த எல்லாருக்கும் முன்னால், "இவன் தண்ணியைத் தாளிலைதான் ஓடவிடுவான்" என்றீர்கள். அறையே சிரித்தது. பத்துத் தரம் சுற்றும் பம்பை வாங்கினீர்கள். அதன் பிறகு நான் அந்தத் தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது பார்க்க வேண்டியதாயிற்று. மேலே நிறையும் தண்ணீர், ஓரத்தில் சீப்புப் பல்போல வெட்டிய இடைவெளிகளால் வழிந்து, குழாயில் இறங்கி, கீழே அலுமாரிக்குள் உள்ள பில்டர் பெட்டிக்குப் போகிறது. பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளுகிறது. குழாய் இறக்குவதைவிடப் பம்ப் கூடத் தள்ளினால் விளிம்பு தாண்டி உப்புத் தண்ணீர் கொட்டும். மின் பிளக்குகள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அண்ணி வெறுங்காலோடு கதிரை போட்டு உட்காருவதும் அந்த இடத்தில்தான். பயந்து மிகவும் குறைத்தால், பில்டர் பட்டினி கிடக்கும், தொட்டி மெல்ல மெல்ல நஞ்சாகும். இரண்டு பக்கமும் சாவு. நடுவில் ஓரிடத்தில் என் விரல் நிற்க வேண்டும்.

சீப்புப் பல்லைக் கழுவக் கழற்றியபோதுதான் அதில் படிந்த பாசிக் கோடு ஒன்றைக் கண்டேன். தண்ணீர் வழக்கமாக எவ்வளவு உயரத்தில் வழிந்தது என்பதைப் பாசி காட்டிக்கொண்டிருந்தது. வழியும் ஆழம் தெரிந்தால் ஓடும் அளவு தெரியும். நான் படித்த படிப்பு அதுதானே. கணக்குப் போட்டேன். நாலு தரத்துக்குச் சற்று மேலே வந்தது. நம்பாமல் மறுபடியும் போட்டேன். பிறகு அலுமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பம்புக்கு மேலே உள்ள வால்வு முக்கால்வாசி மூடியபடி உப்பில் இறுகிக் கிடந்தது.

அண்ணியைக் கேட்டேன். "முதல் கிழமையே தண்ணி நிலமெல்லாம் கொட்டிப்போட்டுது, தம்பி. பேந்து இவர்தான் அதிலை என்னத்தையோ திருகினவர். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவர்."

"ஏனாம்?"

"சொன்னால் நீங்கள் சிரிப்பியளாம்."

நான் சிரித்திருக்க மாட்டேன், அண்ணை. அல்லது சிரித்திருப்பேனோ? அறை நிறையச் சிரித்தார்களே, அவர்களில் ஒருவருக்காவது உண்மையைச் சொன்னீர்களா?

சின்னப் பம்பையே வாங்கினேன். அந்த உயரத்துக்குத் தள்ளும்போது குறையும் அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான். பில்டருக்கான ஓட்டம் வேறு, பவளங்கள் அசைவதற்கான அலை வேறு என்பதால், தொட்டிக்குள்ளேயே சுழலும் சிறு பம்ப் ஒன்றையும் தனியாக வைத்தேன். பிளக்கை வேண்டுமென்றே இழுத்து, கரண்ட் நின்றால் மேலிருந்து இறங்கும் தண்ணீரைக் கீழ்ப்பெட்டி தாங்குகிறதா என்று பார்த்தேன். தாங்கியது.

இதோடு பயம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. குட்மேய்ஸில் என் வீட்டு மின்விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டினாலும் போனை எடுத்துவிடுகிறேன்.

"அண்ணி, அங்கை கரண்ட் நிண்டதே?"

"இல்லைத் தம்பி. ஓடுது. நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"கரையிலை தண்ணி வழியுதோ எண்டு பாருங்கோ."

"நான் அதுக்கு முன்னாலைதான் இருக்கிறன். வேறை எங்கை இருக்கப்போறன்?"

உங்கள் கணக்குத்தான் பிழை என்று நம்பியிருந்த காலத்தில் எனக்கு ஒரு வசதி இருந்தது. தொட்டி செத்தால் உங்கள் பிடிவாதத்தால் செத்தது என்று சொல்லலாம். இப்போது ஓடுவது என் கணக்கு. அது பிழையானால் யாரை நோவது? உங்களில் இன்னும் சாகக்கூடியதாக மிஞ்சியிருப்பது இந்தத் தொட்டி மட்டும்தான். அதை என் கையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

போன சனிக்கிழமை பார்த்தேன். முன்னால் உள்ள பவளங்கள் நன்றாக வளர்ந்து அலையை மறிக்கின்றன. பின்னால் உள்ள ஒன்றில் அழுக்குப் படிந்து, அடிப்பக்கம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. உள்ளே உள்ள சிறு பம்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். கூடத் திருப்பினால் முன்னால் உள்ளதன் சதை கிழியும். கையைத் தண்ணீருக்குள் விட்டேன், தொடாமல் எடுத்துவிட்டேன். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாற சனிக்கிழமை திருப்புங்கோ. நான் பிளக்கடியிலை நிக்கிறன், ஏதும் எண்டால் நிப்பாட்டுறன்."

"ஈரக்காலோடை அதிலை நிக்காதேங்கோ, அண்ணி."

"அப்ப செருப்புப் போட்டுக்கொண்டு நிக்கிறன்."

குட்மேய்ஸிலிருந்து ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கிருந்து மெட்ரோபொலிட்டன் லைனில் வெம்பிளி பார்க். வழி நெடுக அதே கணக்கைப் பயத்தோடு திரும்பத் திரும்பப் போடுவேன். ஆனாலும் வருவேன், அண்ணை. பயம் போகட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பவளம் காத்திருக்காது. அண்ணியின் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே உள்ள சிறு பம்பைக் கொஞ்சமாகத் திருப்புவேன். அந்தப் பவளம் தன் சதையை விரிக்கும்வரை எழும்ப மாட்டேன். விரியாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் வந்து இன்னும் கொஞ்சம் திருப்புவேன்.

இப்படிக்கு,
உங்களோடு கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் தம்பி