ரிப்பனுக்காகப் பூட்டிய விடுதி

ஜனவரி 12

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கேட்பதற்கு ஆள் இல்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

எங்கள் பள்ளியின் பெண்கள் விடுதி மழைக்கு முன்பே தயாராகிவிட்டது. கூரைத் தகடு, கட்டில், மெத்தை, கொசுவலை எல்லாம் உள்ளே இருக்கிறது. கதவில் பூட்டு. தலைநகர் லிலோங்வேயிலிருந்து மந்திரி வந்து ரிப்பன் வெட்டிய பிறகுதான் பெண்கள் உள்ளே போகலாமாம். அவர் நவம்பரில் வருவதாக இருந்தது. பிறகு டிசம்பர். இப்போது மழை விடட்டும் என்கிறார்கள்.

அந்தச் செங்கல்லைச் சுட்டது ஊர். தராத வீட்டுக்கு ஒரு கோழி அபராதம் என்று ஊர்த் தலைவர் மசாம்பா சட்டம் போட்டார். ஆற்று மணலைத் தலையில் சுமந்து வந்தது, எல்லாரும் 'மாயி', அம்மா, என்று கூப்பிடும் நாசிபெகோவின் தாய்மார் குழு. மந்திரி எதைச் சுமந்தார்?

தூரத்து ஊர்களிலிருந்து படிக்க வந்த பெண்களோ சந்தையில், மாவு மில்லுக்குப் பின்னால், வாடகை அறைகளில் கிடக்கிறார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கயிறுதான். அலினாஃபேயும் அங்கேதான். உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஃபாரத்தில் என்னிடம் கணக்குப் படிக்கிறவள். போன வாரம் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "சார், உங்க வழி ரொம்பச் சுத்து" என்றாள். அவள் வழி குறுக்கு வழிதான். சரியாகவும் இருந்தது.

ஜனவரி 20

பள்ளிக் கமிட்டிக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். என் தப்பு.

"இன்னைக்கே திறந்துடலாம். மந்திரி வர்றப்ப வரட்டும். அன்னைக்கு இன்னொரு ரிப்பன் கட்டிக்கலாம்" என்றேன்.

மசாம்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "விருந்தாளிக்குன்னு எடுத்து வச்ச சோத்துல வீட்டுக்காரன் கை வைக்கிறதா? நாளைக்கு அவர் வந்து, படுத்து அழுக்கான மெத்தைக்கா ரிப்பன் வெட்டுவாரு?"

சிலுங்கோ சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்தவன், இன்று தலைமையாசிரியர். மாவட்ட அலுவலகத்துக்காரர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே நாற்காலியைப் பிடித்தவன். "சாருக்கு ஒண்ணும் இல்ல. கல்வெட்டுல அவர் பேர் இல்லைங்கற வருத்தம். ஓரமா சின்ன எழுத்துல போட்டுடலாமா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். மாயி நாசிபெகோவும்தான். வெளியே வந்ததும் அவரைப் பிடித்தேன். "நீங்களுமா?"

"கோச்சுக்காதீங்க சார். மந்திரி நேர்ல வந்தா ஒரு ஆழ்குழாய்க் கிணறு கேக்கலாம். பொம்பளைங்க தண்ணிக்கு அவ்வளவு தூரம் நடக்கறாங்க. பொறுத்தது பொறுத்தோம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜனவரி 21

கல்வெட்டைப் போய்ப் பார்த்தேன். மந்திரியின் பெயர் வெட்டியாகிவிட்டது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 6

நேற்று சாயங்காலம் பேய் மழை. சந்தையில் குடித்துவிட்டு இரண்டு பேர் அலினாஃபேயின் அறைக் கதவைத் தள்ளியிருக்கிறார்கள். கயிறு அறுந்திருக்கிறது. உள்ளே மூன்று பெண்கள். போட்ட கூச்சலில் மில்காரர் கடப்பாரையோடு ஓடி வந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லையாம். காலையில் சிலுங்கோவும் இதையே சொன்னான். அலினாஃபே வகுப்பில் என் சுற்று வழியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 8

அவளுடைய அப்பா சைக்கிளில் வந்தார். பின்னால் அவள் பாய், பானை, புத்தகப் பை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. அங்கிருந்து தினமும் நடந்து வர முடியாது. மழையில் நினைத்தே பார்க்க முடியாது.

"விடுதி திறந்ததும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க சார். மறுநாளே கொண்டாந்து விட்டுடறேன்."

"அங்கேயே இருக்கே, பாருங்க" என்று பூட்டிய கட்டடத்தைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். "அழகாத்தான் கட்டியிருக்கோம்" என்றார். அவரும் செங்கல் கொடுத்தவர்.

மறுபடியும் சிலுங்கோவிடம் போனேன். சாவி மேஜை மேலேயே கிடந்தது. "அந்த ஒரு பெண்ணையாவது உள்ளே விடு" என்றேன். "உங்க பொறாமைக்கு நான் வேலைய இழக்கணுமா சார்?" என்றான். எனக்குப் பொறாமை உண்டு. மறுக்கவில்லை. ஆனால் மழையும் உண்மைதானே? அறுந்த கயிறும் உண்மைதானே? நான் சொன்னேன் என்பதற்காக அதெல்லாம் பொய் ஆகிவிடுமா?

மார்ச் 3

மந்திரி வரவில்லை. வெளிநாட்டுப் பயணமாம்.

ஏப்ரல் 17

அலினாஃபேக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. புகையிலை வண்டி ஓட்டுகிறவன். படிக்கிற பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அபராதம் என்று மசாம்பா போட்ட சட்டப்படி அவள் அப்பாவுக்கு ஒரு ஆடு. ஆட்டையும் கட்டிவிட்டார்.

சந்தையில் அந்த அப்பாவைப் பார்த்ததும் கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"வளர்ந்த பொண்ண வீட்ல எத்தனை நாள் சும்மா வச்சிருக்கறது சார்? அவளும் அழுது ஓஞ்சுட்டா. நீங்க சொல்லி அனுப்புவீங்க, சொல்லி அனுப்புவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

நான் என்னய்யா பண்ணுவேன்? சாவி என்கிட்டயா இருந்துச்சு?

ஏப்ரல் 18

வகுப்பு எடுத்தேன். அலினாஃபேயின் குறுக்கு வழியிலேயே கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

ஜூலை 9

விடுதி திறப்பு. மந்திரி இல்லை, அவருக்குப் பதில் யாரோ ஓர் அதிகாரி. வண்டியின் இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. ரிப்பன், போட்டோ, சிலுங்கோவின் பேச்சு. பெண்கள் ஒரு வாரமாக வகுப்பை விட்டுப் பழகிய நடனம் முடிவதற்குள் அந்த ஆள் கிளம்பிவிட்டார்.

நான் கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் சமையல் பக்கம் போனேன். விருந்துக்கு மக்காச்சோள மாவில் ந்சிமாக் களி கிண்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, "சார்" என்றாள். அலினாஃபே. வயிற்றின் மேல் துணியை உயர்த்திக் கட்டியிருந்தாள்.

"உள்ள ரெண்டடுக்குக் கட்டிலாமே?"

"ஆமாம்."

"கொசுவலை?"

"இருக்கு."

"அப்ப நல்லதுதான்" என்றாள். தங்கையைச் சேர்க்க வந்தவள் மாதிரி.

மேடையில் நாற்காலி போட்டிருந்தும் மாயி நாசிபெகோ அங்கேதான் வந்தார். துடுப்பை அவள் கையிலிருந்து வாங்கினார். "புகையில நிக்காதடி. போய் நிழல்ல உக்காரு." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "கிணத்தப் பத்தி வாயத் திறக்கறதுக்குள்ள வண்டி போயிடுச்சு சார்."

குத்திக் காட்ட என்னிடம் நிறைய வார்த்தைகள் இருந்தன. ஆறு மாதமாகச் சேர்த்து வைத்தவை. அவற்றை விட்டுவிட்டு, தண்ணீர்க் குடத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"புள்ள பொறக்கட்டும்" என்றார். "மசாம்பா வாசல்ல போய் உக்காருவேன். இவள மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

அலினாஃபே எங்களைப் பார்க்கவில்லை. விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14

அடுத்த ஊர்ப் பள்ளியிலும் விடுதி கட்டுகிறார்கள். கூரை போட்டாகிவிட்டது. மந்திரியை அழைக்க சிலுங்கோவையே கூட்டிப் போயிருக்கிறார்கள். அடுத்த மழைக்கு இன்னும் சில மாதங்கள்தான்.

பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தேன். இந்தப் பக்கங்களிலிருந்தே எடுத்து எழுதினேன். முதலில் ஏழெட்டுத் தாள் வந்தது. சிலுங்கோ வந்த வரிகளை அடித்தேன். எனக்குக் கிடைக்காத பதவி, அவன் பை தூக்கியது, கமிட்டியில் சிரித்தவர்கள் எல்லாவற்றையும் அடித்தேன். அலினாஃபேயின் பெயரையும் எடுத்துவிட்டேன், அவள் குடும்பம் நடத்த வேண்டுமே. மிஞ்சியது ஒரே தாள்: ஊர் கட்டிய விடுதி, பூட்டு, மழை, ஒரு பெண். இவ்வளவுதானா நான் சொல்ல வேண்டியிருந்தது?

அடியில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அது இருந்தால் யாரும் தாளைப் படிக்க மாட்டார்கள். பெயரைத்தான் படிப்பார்கள். அதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் சுத்தமாக எழுதினேன்.

காலையில் தபால் கொண்டு போகும் லிலோங்வே பஸ் வருவதற்குள் இதைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கையெழுத்து இல்லாமல்.