உடன் வந்தவள்

டோர்செட்
நவம்பர் 1961

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மணிலா வெயில் உன்னை வாட்டாமல் இருந்தால் சரி. இங்கே விடாத மழை, ஆப்பிளெல்லாம் மரத்தடியில் அழுகிக் கிடக்கிறது, அப்பாவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் வரக் காணோம். நேற்று மதியம் பாதிரியாரும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள், நாலே பேர், அதற்கு யார் எங்கே உட்காருவது என்று அப்பா காலையிலேயே அட்டையில் பெயர் எழுதி வைத்துவிட்டார். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் இந்தச் சின்ன வீட்டைத் தூதரகம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதம் வந்தது. ஜைல்ஸைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்றதும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அடுத்த வரியிலேயே, கல்யாணமான பெண்ணுக்கு நம் வெளியுறவு இலாகாவில் இடமில்லை, அதனால் ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்கிறாய், ஏதோ பழைய தொப்பியைக் கழற்றி வைக்கிற மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது. அவனும் அதே இலாகா, அதே பரீட்சை, உனக்குக் கீழே தேறியவன். அவன் இருப்பான், நீ போவாய். அப்பாவோ, "நல்ல பொண்ணு, முறை தெரிஞ்சவ" என்று பூரித்துப்போகிறார்.

அப்பா ஈரானில், இஸ்பஹானில் நம் கான்சலாக இருந்தபோது நீ இங்கே விடுதிப் பள்ளியில் இருந்தாய், பெற்ற பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்பியதும் அந்த முறைதான். அந்த ஊர் அதிகாரிகள் நம் எஞ்சினியர்கள் சிலரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டோம் என்றார்கள். அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு ஆளுநர் அலுவலகம் போவார், காத்துக் கிடப்பார், திரும்பி வருவார். பாரசீக மொழியில் சலாமும் நன்றியும் தவிர அவருக்கு ஒன்றும் வராது. நான்தான் ஆளுநரின் மனைவியிடம் தினமும் போய் உட்கார்ந்தேன், சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீ குடித்தேன், அவள் மகளின் கல்யாணத் துணியெல்லாம் பிரித்துப் பார்த்தேன், கடைசியில், "அந்தப் பசங்களுக்கும் அம்மா இருக்காங்க இல்லையா" என்று அவள் பாஷையிலேயே கேட்டேன். ஆட்கள் வெளியே வந்தார்கள். அங்கே பிடித்ததுதான் அப்பாவின் ஏற்றம், தூதர் பதவி, சர் பட்டம் எல்லாம். ஓய்வு விருந்தில் ஒரு பெரிய மனுஷர் எழுந்து, இஸ்பஹானில் இவர் காட்டிய பொறுமை யாருக்கு வரும் என்றார். அப்பா தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

இலாகாவில் மனைவிக்கு ஒரு சொல் உண்டு, 'உடன் வருபவர்'. ஒவ்வொரு மாற்றல் உத்தரவிலும் பெட்டி படுக்கைக்கு முந்தின வரியில் என்னை அப்படித்தான் போடுவார்கள். நேற்று பாதிரியார் மனைவி, "அங்கெல்லாம் நீங்க என்ன செஞ்சீங்க, லேடி ஹாடோ?" என்று ஆசையாகக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "வின்னியா? கூடவே வந்தா" என்று சிரித்தார். கஸ்டர்டு கிண்ணத்தை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். மேசைத் துணியில் சிந்தினதுதான் மிச்சம், அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

விதி இருப்பது எனக்கும் தெரியும். துரத்தினால் துரத்தட்டும், நீயாக எழுதிக் கொடுக்காதே ஹெஸ்டர். கல்யாணமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜைல்ஸிடம் ஒன்றே ஒன்று கேள், விதி தலைகீழாக இருந்திருந்தால் நீ வேலையை விட்டுவிட்டு என்னோடு உடன் வந்திருப்பாயா என்று. அவன் சிரித்தால் அந்தச் சிரிப்பை நன்றாகப் பார்த்துக்கொள். சாப்பாட்டு மேசையில் ஆயுசு முழுக்க உன் எதிரே அதுதான் இருக்கும்.

கொசுவலை கட்டாமல் படுக்காதே. கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். உறையின் பின்பக்கம் 'லேடி ஹாடோ' என்றிருப்பது அப்பா எழுதியது. உள்ளே எழுதியிருப்பவள்,

உன் அம்மா
வினிஃப்ரெட்