மொத்தம் குறையவில்லை

மார்ச் 3

உங்களுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை.

நேற்று உங்கள் அக்கா வந்திருந்தார். "தம்பி எனக்குன்னே எழுதியிருக்கான், கேளு" என்று கண் கலங்க வாசித்தார். 'நட்சத்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம்தான்.' எனக்கு வந்த கடிதத்திலும் அதே வரி. உங்கள் அம்மாவுக்கும் அதுவேதானாம். கல்லூரி நண்பருக்குமாம். அவர் முகமுமா தெரிகிறது?

நான் கேட்டது ஒன்றுதான். வேறு ஊர் மருத்துவமனையில் எக்ஸ்-ரே பிரிவில் வேலை தருகிறார்கள். அதை ஏற்கவா, மகளோடு உங்கள் வானாய்வகத்துக்கே வரவா? மூன்று கடிதங்களாகக் கேட்கிறேன். பதிலுக்கு மேகமூட்டம் பற்றி எழுதுகிறீர்கள்.

மகளுக்குப் பல் விழுந்தது.

உங்கள் மனைவி
(நால்வரில் ஒருத்தி)

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

கோபம் வேண்டாம். தொலைநோக்கியோடு மல்லுக்கட்டவே நேரம் போதவில்லை. ஒருமுறை எழுதி நகல் எடுக்கிறேன். அதனால் என்ன?

நட்சத்திரத்தின் ஒளி வெற்றுவெளியில் செத்துப்போவதில்லை. போகப் போகப் பரவுகிறது, அவ்வளவுதான். தூரம் இரண்டு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் விழுகிறது. மங்கலாகத் தெரியும். ஆனால் மொத்தம் குறையவில்லை. என் அன்பும் அப்படித்தான்.

மற்றதைப் பிறகு யோசிப்போம்.

என்றும் உன்

ஏப்ரல் 2

உங்களுக்கு,

உங்கள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "கோபம் வேண்டாம்னு எழுதியிருக்கான். நான் எப்போடி கோவிச்சுக்கிட்டேன்? என்னைப் போய் வாயாடிங்கிறான்!"

அதையும் நகல் எடுத்தீர்களா?

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு தம்ளரைச் சுவரில் எறிந்தேன்.

மொத்தம் குறையவில்லை. சரி. மொத்தத்தை வைத்து யார் என்ன செய்வது? என் கைமேல் விழுவதுதான் எனக்கு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. உங்களைவிட்டு எட்டிப்போனது நான் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தேன்.

எக்ஸ்-ரே அறையில் எங்களுக்கும் இதே கணக்குதான். கருவியிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால் பங்குக் கதிர்தான் மேலே படும். உடம்பு கெடாமலிருக்கத் தள்ளி நிற்கிறோம். அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். சாமான் கட்டியாகிவிட்டது.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்கிறாள். "இப்பதான் எழுதுறேன்" என்றேன்.

இனிமேல் எழுதாதீர்கள். மகளைப் பார்க்க வேண்டுமென்றால் கிளம்பி வாருங்கள். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. கதவை அவள் திறப்பாள். நான் திறப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது.